“இரண்டு பேரும் அமெரிக்காவில்தானே!”



“மூத்த மகன் நியூயோர்க்கில். மகள் லொஸ் ஏஞ்சல்ஸில். இரண்டு பேரும் அமெரிக்காவில்தான். ஆனாலும் பெருநாளைக்குக் கூட ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகிறார்கள் இல்லை.”

இவ்வாறு ஓர் உம்மா கவலைப்படுவதை நீங்களும் எங்காவது கேட்டிருக்கக் கூடும். கேட்பவர்களும் “ஒரே நாட்டில் இருந்து கொண்டு இப்படியா?” என்று வருந்துவார்கள். பிள்ளைகளின் மனம் கல்லாகிவிட்டது என்று முடிவு கட்டுவோரும் உண்டு.

அந்த இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட தூரம், நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 3,940 கிலோ மீற்றர். இலண்டனுக்கும் பக்தாதுக்கும் இடைப்பட்ட தூரம் இதைவிடச் சற்றுத்தான் கூடுதலானது. மகன் இலண்டனிலும் மகள் பக்தாதிலும் வசித்தால், “ஏன் அடிக்கடி போய்ப் பார்ப்பதில்லை?” என்று நாம் எவரும் கேட்கமாட்டோம். இடையில் எத்தனையோ நாடுகளும் எல்லைகளும் கிடப்பது நமக்குத் தெரியும். அமெரிக்காவிலோ அதே தூரம் முழுவதும் ஒரே கொடி, ஒரே நாணயம், ஒரே பெயர். அந்த ஒற்றைப் பெயர் தூரத்தை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகின்றது.

ஒரு நாட்டின் பருமனை அறிவது பொது அறிவுப் போட்டிக்கு மட்டும் பயன்படும் விடயமல்ல. நம் பிள்ளைகளும் உடன்பிறப்புகளும் உலகெங்கும் சென்று வாழும் இக்காலத்தில் அது குடும்ப விவகாரமும் கூட. எனவே, நமக்கு நீண்ட காலமாகப் பழக்கமான பிரித்தானியாவை அளவுகோலாக வைத்துக் கொண்டு அமெரிக்காவைச் சற்று அளந்து பார்ப்போம், வாருங்கள்.

அட்லஸ் நம்மை ஏமாற்றும் விதம்

பிள்ளைகளின் பாடசாலை அட்லஸை எடுத்துப் பாருங்கள். பிரித்தானியாவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டிருக்கும். ஐக்கிய அமெரிக்காவுக்கும் ஒரு பக்கமோ இரண்டு பக்கமோதான் ஒதுக்கப்பட்டிருக்கும். பக்கத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் அளவுத்திட்டம் குறிக்கப்பட்டிருந்தாலும் அதனை யார் பார்க்கின்றார்கள்? பக்கம் சமமாக இருந்தால் நாடும் சமம் என்று கண் எண்ணிக் கொள்கின்றது.

சுவரில் தொங்கும் உலகப் படமும் இதற்கு விதிவிலக்கல்ல. மெர்கேட்டர் என்பவர் 1569ஆம் ஆண்டில் கடலோடிகளின் தேவைக்காக வரைந்த முறையைப் பின்பற்றிய படங்கள் இன்றும் பல இடங்களில் உள்ளன. உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும்போது, மத்திய கோட்டிலிருந்து விலகிச் செல்லச் செல்ல நிலங்கள் பருத்துத் தோன்றும். கிறீன்லாந்து ஆபிரிக்காவுக்குச் சமமாகக் காட்சியளிப்பது இதனால்தான். உண்மையில் ஆபிரிக்கா அதனைப் போல் ஏறத்தாழ 14 மடங்கு பெரியது. பிரித்தானியா அமெரிக்காவின் பெரும்பகுதியை விட வடக்கே அமைந்திருப்பதால் அப்படத்தில் அதுவும் தனக்குரிய அளவைவிடப் பருத்தே தோன்றுகின்றது. மத்திய கோட்டுக்கு அருகே கிடக்கும் நம் இலங்கைக்கோ அந்தச் சலுகை கிடைப்பதில்லை!

மூன்றாவது காரணம் நம் வரலாற்றில் இருக்கின்றது. இந்நாட்டின் கரையோரம் 1796இலும், முழு நாடும் 1815இலும் பிரித்தானியரின் கைக்குச் சென்று 1948 வரை அவர்களிடமே இருந்தது. நம்மை ஆண்ட நாடு பெரிய நாடாகத்தான் இருக்கும் என்று நம் முன்னோர் எண்ணியதில் வியப்பில்லை. ஆட்சியின் பருமன் வேறு, நிலத்தின் பருமன் வேறு என்பதை நாம் பிரித்துப் பார்ப்பதில்லை.

இன்னொன்றையும் இங்கே தெளிவுபடுத்திக் கொள்வது நல்லது. ‘இங்கிலாந்து’ என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகின்றோம். இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் ஆகிய மூன்றும் சேர்ந்த தீவே பெரிய பிரித்தானியா. அதனுடன் வட அயர்லாந்தும் சேர்ந்தால்தான் ஐக்கிய இராச்சியம். இக்கட்டுரையில் பரப்பளவைக் குறிப்பிடும்போது, நான்கும் சேர்ந்த ஐக்கிய இராச்சியத்தையே பிரித்தானியா என்று குறிப்பிடுகின்றேன்.

சுண்டுக் கணக்கு

ஐக்கிய இராச்சியத்தின் பரப்பளவு ஏறத்தாழ 2 இலட்சத்து 44 ஆயிரம் சதுர கிலோ மீற்றர். ஐக்கிய அமெரிக்காவின் பரப்பளவு ஏறத்தாழ 98 இலட்சம் சதுர கிலோ மீற்றர். அதாவது நாற்பது மடங்கு.

இலக்கங்கள் மனதில் நிற்பதில்லை என்று சொல்லும் சகோதரிகள் அரிசி அளக்கும் சுண்டை எடுத்துக் கொள்ளுங்கள். பிரித்தானியா ஒரு சுண்டு அரிசி என்று வைத்துக் கொண்டால், அமெரிக்கா நாற்பது சுண்டு அரிசி. நம் இலங்கை 65,610 சதுர கிலோ மீற்றர். அது கால் சுண்டுக்குச் சற்று அதிகம். கால் சுண்டுக்கும் ஒரு சுண்டுக்கும் உள்ள வித்தியாசம் கைக்குத் தெரியும். நாற்பது சுண்டை ஒரு பாத்திரத்தில் கொட்டிப் பார்த்தால்தான் நாம் எதைப் பற்றிப் பேசுகின்றோம் என்பது விளங்கும்.

பிள்ளைகளுக்கு விளக்க இன்னுமொரு வழி உண்டு. ஒரு சென்ரிமீற்றர் என்பது 100 கிலோ மீற்றர் என்று வைத்துக் கொண்டு ஒரு தாளில் கோடுகள் வரையச் சொல்லுங்கள். பருத்தித்துறையில் இருந்து தெய்வேந்திரமுனை வரையான நம் நாட்டின் நீளத்துக்கு நாலரை சென்ரிமீற்றர் கூடத் தேவைப்படாது. பிரித்தானியத் தீவின் தென்மேற்கு முனையில் இருந்து வடகிழக்கு முனை வரை நேர்கோட்டில் 970 கிலோ மீற்றர் அளவாகும். அதற்குப் பத்து சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவான கோடு போதும். நியூயோர்க்கில் இருந்து லொஸ் ஏஞ்சல்ஸ் வரை வரைய முயலும்போது பிள்ளை திகைத்து நிற்கும். ஏனெனில் கையிலுள்ள அடிமட்டம் முடிந்துவிடும். அதற்கு மேலும் ஒன்பது சென்ரிமீற்றருக்கு அதிகமாகக் கோடு நீள வேண்டியிருக்கும். அலாஸ்காவும் ஹவாய்த் தீவுகளும் அந்தக் கோட்டுக்கு வெளியே, தாளுக்கும் அப்பால் கிடக்கின்றன.

மாநிலம் ஒன்று, பிரித்தானியா மூன்று

அமெரிக்காவில் 50 மாநிலங்கள் உள்ளன. அவற்றுள் பிரித்தானியாவை விடப் பெரியவை பல. அலாஸ்கா மட்டும் 17 இலட்சம் சதுர கிலோ மீற்றருக்கு மேல். ஏழு பிரித்தானியாக்களை அதனுள் வைக்கலாம். டெக்சாஸ் ஏறத்தாழ 6 இலட்சத்து 95 ஆயிரம் சதுர கிலோ மீற்றர். அது மூன்று பிரித்தானியாக்களுக்குச் சற்றுக் குறைவு.

டெக்சாஸ் எவ்வளவு அகலமானது என்பதை விளங்கிக் கொள்ள இரண்டு பாதைகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். பிரித்தானியாவில் லேண்ட்ஸ் எண்ட் என்ற தென்மேற்கு முனையில் இருந்து ஜோன் ஓ குரோட்ஸ் என்ற வடகிழக்கு முனைக்குப் பயணம் செய்வது பெரிய சாதனையாகக் கருதப்படுகின்றது. சைக்கிளிலும் கால்நடையாகவும் அதனைக் கடந்து அறப்பணிகளுக்கு நிதி திரட்டுவோரும் உளர். அப்பாதையின் தூரம் 874 மைல் என்று வழமையாகச் சொல்வார்கள். டெக்சாஸ் மாநிலத்தினூடாக மேற்கிலிருந்து கிழக்காகச் செல்லும் பத்தாம் இலக்க நெடுஞ்சாலை, அந்த மாநிலத்துக்குள் மட்டும் சுமார் 880 மைல் ஓடுகின்றது. ஒரு நாட்டை முனைக்கு முனை கடந்த களைப்புடன் நீங்கள் வண்டியை நிறுத்தினால், இன்னும் அதே மாநிலத்துக்குள்தான் நிற்கின்றீர்கள்!

டெக்சாஸின் மேற்கு மூலையில் உள்ள எல் பாசோ நகரத்து மக்களுக்கு, தங்கள் மாநிலத்தின் பெருநகரான ஹியூஸ்டனை விட, கலிபோர்னியா மாநிலத்துக் கடற்கரையில் உள்ள சான் டியாகோ நகரம் கிட்டியது. இடையில் இரண்டு மாநிலங்கள் கிடந்தும் நிலைமை இதுதான்.

எனினும் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது வயோமிங் என்ற மாநிலம். நான்கு பக்கமும் நேர்கோடு போட்டது போன்ற பெட்டி வடிவம். பரப்பளவு ஏறத்தாழ 2 இலட்சத்து 53 ஆயிரம் சதுர கிலோ மீற்றர். பிரித்தானியாவை விடச் சற்றுப் பெரியது. பிரித்தானியாவில் 2021, 2022 குடிசன மதிப்பீடுகளின்படி ஏறத்தாழ 6 கோடி 70 இலட்சம் மக்கள். வயோமிங்கில் 2020ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி எத்தனை பேர் தெரியுமா? 5 இலட்சத்து 77 ஆயிரம் பேர் மட்டுமே! கொழும்பு மாநகர எல்லைக்குள் 2012இல் வாழ்ந்தவர்களின் தொகை 5 இலட்சத்து 61 ஆயிரம். கொழும்பு நகரத்து மக்களை மாத்திரம் எடுத்து, இலங்கையைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு நிலத்தில் தூவி விட்டால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து பாருங்கள்.

முழு நாட்டையும் எடுத்தாலும் இதே பாடம்தான். நிலம் நாற்பது மடங்கு. மக்கள் தொகையோ 2020இல் 33 கோடி 14 இலட்சம், அதாவது ஐந்து மடங்கு மட்டுமே. ஒரு சதுர கிலோ மீற்றருக்கு பிரித்தானியாவில் 270க்கும் அதிகமானோர். நம் நாட்டில் 300க்கும் மேல். அமெரிக்காவில் 36 பேர் அளவில். மதிலுக்கு மதில் வீடு கட்டி, குசினி ஜன்னலால் அடுத்த வீட்டுக்குக் கறி கொடுத்துப் பழகிய நமக்கு இந்த வெளி எளிதில் மனதில் பதியாது.

நீரும் நிலமும்

பிரித்தானியாவில் எந்த ஊரில் நின்றாலும் கடல் தொலைவில் இல்லை. கடலுக்கு மிகத் தூரமான இடம் என்று சொல்லப்படுவது டர்பிஷயர் பகுதியிலுள்ள ஒரு சிற்றூர். அங்கிருந்தும் கரை சுமார் 113 கிலோ மீற்றர்தான். அமெரிக்காவின் தென் டகோட்டா மாநிலத்தில் ஓர் இடத்தில் இருந்து கடலைக் காண 1,650 கிலோ மீற்றர் செல்ல வேண்டும். அம்மாநிலத்தில் பிறந்து, கடலைப் பாராமலே வளரும் பிள்ளைகள் இருப்பதில் அதிசயமில்லை.

இலண்டனின் தேம்ஸ் நதி 346 கிலோ மீற்றர் நீளமானது. நம் மகாவலி கங்கை 335 கிலோ மீற்றர். இரண்டும் ஏறத்தாழச் சமம். மிசிசிப்பி நதியோ சுமார் 3,700 கிலோ மீற்றர் ஓடியே கடலைச் சேர்கின்றது. வடக்கே கனடாவுடன் பகிர்ந்து கொள்ளும் சுப்பீரியர் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 82,000 சதுர கிலோ மீற்றர். ஸ்கொட்லாந்தை முழுவதுமாக அதற்குள் வைத்தாலும் தண்ணீர் மீதமிருக்கும். நம் இலங்கையை வைத்தால் சுற்றிவரக் கடல் போலவே தெரியும். அரிசோனா மாநிலத்தில் கொலராடோ நதி அறுத்த கிராண்ட் கெனியன் பள்ளத்தாக்கின் நீளம் 446 கிலோ மீற்றர். நம் நாடு நீளத்தில் அதைவிடக் குறைவு.

காலநிலையிலும் ஒரு புதுமையைக் காணலாம். அலாஸ்காவை ஒரு புறம் வைத்துவிட்டால், இலண்டன் மாநகர் அமெரிக்காவின் ஏனைய பகுதிகள் அனைத்தையும் விட வடக்கே இருக்கின்றது. ஆயினும் இலண்டனின் குளிர் மிதமானது. அத்திலாந்திக் கடலின் வெப்ப நீரோட்டமும் அதன் மேலாக வீசும் காற்றும் பிரித்தானியாவைப் போர்வை போல் காக்கின்றன. அமெரிக்காவின் நடுப்பகுதிக்கு அத்தகைய போர்வை இல்லை. ஒரே நாளில் வடக்கே மினசோட்டாவில் உறைபனி கொட்ட, தெற்கே மியாமிக் கடற்கரையில் மக்கள் நீராடிக் கொண்டிருப்பார்கள். “அமெரிக்காவில் இப்பொழுது குளிரா?” என்று கேட்டால் அதற்கு ஒரே பதில் கிடையாது.

கடிகாரம் சொல்லும் தூரம்

தூரத்தை மைலில் அளப்பதைவிடக் கடிகாரத்தில் அளப்பது நமக்கு இலகு. ஏனெனில் நோன்பும் தொழுகையும் நம்மைக் கடிகாரத்துடன் பிணைத்து வைத்திருக்கின்றன. நோன்பு காலத்தில் கல்முனையில் மஃரிப் பாங்கு சொல்லி எட்டு நிமிடம் அளவில் கழிந்த பின்னரே கொழும்பில் நோன்பு திறக்கின்றோம். நம் நாட்டின் அகலம் அவ்வளவுதான். பிரித்தானியாவில் இலண்டனுக்கும் மேற்கே உள்ள பெல்பாஸ்ட் நகரத்துக்கும் இடையே சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில் உள்ள வித்தியாசம் அரை மணித்தியாலத்தை எட்டாது. நியூயோர்க்குக்கும் லொஸ் ஏஞ்சல்ஸுக்கும் இடையிலோ அது ஏறத்தாழ மூன்று மணித்தியாலம். நியூயோர்க்கில் நோன்பு திறந்து, இராப்போசனம் முடித்து, தராவீஹும் முடியும் வேளையில்தான் லொஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் சகோதரி பேரீச்சம் பழத்தைக் கையில் எடுப்பார்.

அமெரிக்காவின் பெருநிலத்தில் மட்டும் நான்கு நேர வலயங்கள். அலாஸ்காவையும் ஹவாயையும் சேர்த்தால் ஆறு. பிரித்தானியாவுக்கு ஒன்றே ஒன்று. அங்கே 1847இல் புகையிரதக் கம்பனிகள் கிறீன்விச் நேரத்தைப் பொதுவாக ஏற்றுக் கொண்டன. 1880இல் அதுவே சட்டமுமாயிற்று. நாடு முழுவதற்கும் ஒரே மணி போதுமானதாக இருந்தது. அமெரிக்காவில் ஊருக்கு ஊர் சூரியனைப் பார்த்து வைத்த மணிகள் வெவ்வேறாக இருந்தன. இதனால் திண்டாடிய புகையிரதக் கம்பனிகள் 1883 நவம்பர் 18ஆம் திகதி நாட்டை நேர வலயங்களாகப் பிரித்தன. அரசாங்கம் அதற்குச் சட்டம் இயற்றியது 1918இல்தான்.

தொலைபேசி எடுக்கும் உம்மாமார்களுக்கு ஒரு சிறு கணக்கு: குளிர்காலத்தில் இங்கு இரவு 8.30 மணியாகும்போது இலண்டனில் பிற்பகல் 3 மணி, நியூயோர்க்கில் காலை 10 மணி, சிக்காகோவில் 9 மணி, டென்வரில் 8 மணி, லொஸ் ஏஞ்சல்ஸில் காலை 7 மணி, ஹவாயில் அதிகாலை 5 மணி. கோடையில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி வைக்கும் வழக்கம் இலண்டனிலும் அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் உண்டு, ஹவாயில் இல்லை. “அமெரிக்காவில் இப்பொழுது எத்தனை மணி?” என்ற கேள்வியும் இதனால் அரைகுறைக் கேள்வியே.

இந்த நிலத்தை எப்படிக் கடந்தார்கள்?

இலண்டனில் இருந்து ஸ்கொட்லாந்தின் எடின்பரோவுக்கு இன்று புகையிரதத்தில் நாலரை மணித்தியாலம் அளவில் போய்விடலாம். காலையில் புறப்பட்டு ளுஹருக்கு அங்கே நிற்கலாம். அமெரிக்காவில் நியூயோர்க்கில் இருந்து லொஸ் ஏஞ்சல்ஸுக்குப் புகையிரதத்தில் போவதானால் வழமையாக சிக்காகோவில் இறங்கி மாற வேண்டும். முதற் பயணம் 20 மணித்தியாலம் அளவில். அடுத்தது 40 மணித்தியாலத்துக்கும் மேல். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ மூன்று நாட்கள். மோட்டார் வண்டியில் என்றால் தூரம் 4,500 கிலோ மீற்றர் அளவாகும். ஓய்வில்லாமல் ஓட்டினாலும் 40 மணித்தியாலத்துக்கு மேல் செல்லும்.

விமானத்தில் மேற்கு நோக்கிச் செல்ல ஆறு மணித்தியாலம் அளவாகும். கொழும்பில் இருந்து ஜித்தாவுக்கு நேரடி விமானத்தில் செல்லும் நேரமும் ஏறத்தாழ அதுவே. நாம் ஹஜ்ஜுக்குச் செல்லும் பயண நேரம், அவர்களுக்கு ஓர் உள்நாட்டுப் பயணம்!

முற்காலத்தில் நிலைமை இன்னும் கடினம். 1860இல் குதிரை வீரர்கள் கைமாற்றிக் கைமாற்றித் தபால் கொண்டு சென்றபோது மிசூரி மாநிலத்தில் இருந்து கலிபோர்னியாவுக்குப் பத்து நாட்கள் அளவில் பிடித்தன. அதுவே அன்று பெரும் வேகம். அடுத்த ஆண்டு ஒக்டோபரில் தந்திக் கம்பி இணைக்கப்பட்டதும் குதிரைத் தபால் நின்று போயிற்று. 1869 மே 10ஆம் திகதி யூட்டா பகுதியில் கிழக்குத் தண்டவாளமும் மேற்குத் தண்டவாளமும் ஒன்று சேர்ந்தன. 1919இல் வாஷிங்டனில் இருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு இராணுவ வாகனத் தொடர் ஒன்று புறப்பட்டது. சேற்றிலும் மணலிலும் புதைந்து, பாலங்கள் முறிந்து, அது போய்ச் சேர 62 நாட்கள் எடுத்தன. அந்தப் பயணத்தில் சென்ற இளம் அதிகாரிகளில் ஒருவர் ஐசன்ஹோவர். பின்னர் ஜனாதிபதியானதும் 1956இல் நாடு தழுவிய நெடுஞ்சாலைத் திட்டச் சட்டத்தில் கையொப்பமிட்டவர் அவரே.

இவ்வளவு நிலம் எப்படிச் சேர்ந்தது?

1776இல் சுதந்திரப் பிரகடனம் செய்தபோது அமெரிக்கா என்பது கிழக்குக் கரையோரத்தில் அமைந்த 13 குடியேற்றங்கள் மட்டுமே. 1803இல் பிரான்சிடம் இருந்து லூசியானா என்ற பெரும் நிலப்பகுதியை ஒன்றரைக் கோடி டொலருக்கு வாங்கினார்கள். நாட்டின் பரப்பு ஏறத்தாழ இரட்டிப்பாயிற்று. வாங்கியதைப் பார்த்து வரச் சென்ற லூயிஸ், கிளார்க் குழுவினர் 1804இல் புறப்பட்டு 1806இல்தான் திரும்பினர். டெக்சாஸ் 1845இல் சேர்க்கப்பட்டது. மெக்சிகோவுடன் போரிட்டு 1848இல் கலிபோர்னியா உள்ளிட்ட பெருநிலம் பெறப்பட்டது. அலாஸ்கா 1867இல் ரஷ்யாவிடம் இருந்து 72 இலட்சம் டொலருக்கு வாங்கப்பட்டது.

வாங்கியவர்களும் விற்றவர்களும் இருந்தார்கள். ஆனால் அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த செவ்விந்தியர் எனப்பட்ட பூர்வீக மக்களை எவரும் கேட்கவில்லை. 1830இல் அவர்களை வெளியேற்றும் சட்டம் நிறைவேறியது. 1838, 1839ஆம் ஆண்டுகளில் செரோக்கி இன மக்கள் சுமார் 16,000 பேர் தம் சொந்த மண்ணில் இருந்து 1,000 கிலோ மீற்றருக்கும் அப்பால் விரட்டப்பட்டனர். குளிரிலும் பசியிலும் நோயிலும் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டதாக மதிப்பிடப்படுகின்றது. அவர்களுள் குழந்தையைச் சுமந்த தாய்மார் எத்தனை பேர் இருந்திருப்பர்! அமெரிக்காவின் பரந்த வெளியைப் பார்த்து வியக்கும்போது இதனையும் மறந்துவிடலாகாது. அந்த வெளியின் பெரும்பகுதி வெறுமையாகக் கிடந்ததல்ல, வெறுமையாக்கப்பட்டது.

வெளியில் சிதறிய வீடுகள்

1862இல் ஒரு சட்டம் வந்தது. அரச நிலத்தில் குடியேறி ஐந்து வருடங்கள் பயிரிடுவோருக்கு 160 ஏக்கர் காணி. கேட்கவே ஆசையாக இருக்கின்றதல்லவா? ஆனால் 160 ஏக்கர் என்பது ஒரு சதுர மைலின் காற்பங்கு. ஒரு சதுர மைலுக்கு நான்கே நான்கு குடும்பங்கள். அடுத்த வீடு அரை மைலுக்கு அப்பால். காணி கிடைத்தது, அயல் கிடைக்கவில்லை.

அவ்வாறு சென்றவர்களில் அன்றைய சிரியாப் பகுதியைச் சேர்ந்த முஸ்லிம்களும் இருந்தனர். வட டகோட்டா மாநிலத்தின் ரொஸ் என்ற சிற்றூரில் அவர்கள் பயிர் செய்து, 1929இல் ஒரு பள்ளிவாசலைக் கட்டினர். நாளடைவில் மக்கள் கலைந்து செல்ல, அக்கட்டடமும் பின்னர் இடிக்கப்பட்டது. அயோவா மாநிலத்தின் சீடார் ரெபிட்ஸ் நகரில் 1934இல் கட்டப்பட்ட பள்ளிவாசல் இன்றும் நிற்கின்றது. பிரித்தானியாவில் வோக்கிங் பள்ளிவாசல் 1889இல் கட்டப்பட்டது. அது இலண்டனில் இருந்து 40 கிலோ மீற்றர் அளவில்தான். பெருநாளன்று இலண்டன் முஸ்லிம்கள் அங்கு சென்று தொழுது விட்டு மாலைக்குள் வீடு திரும்பலாம். டகோட்டா சமவெளியில் வாழ்ந்தோருக்கு அத்தகைய வசதி ஏது?

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

சகோதரிகளே, இவ்வளவு விபரங்களும் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு.

மகளுக்கு அமெரிக்காவில் இருந்து ஒரு சம்பந்தம் வருகின்றது. “மாமாவும் அமெரிக்காவில்தானே, பிள்ளைக்கு ஒரு துணை இருக்கும்” என்று சொல்லி மனதைத் தேற்றிக் கொள்கின்றோம். மாமா இருப்பது நியூயோர்க். பிள்ளை போவது டெக்சாஸின் மேற்கு மூலை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மாமி கஞ்சி காய்ச்சிக் கொண்டு வர முடியாது. பிரசவத்துக்கு உதவிக்கு வருவதானால் விமானச் சீட்டும் விடுமுறையும் வேண்டும். இது தெரிந்தே அனுப்புவது வேறு. தெரியாமல் அனுப்பிவிட்டு, “மாமா எட்டியும் பார்க்கவில்லை” என்று உறவை முறித்துக் கொள்வது வேறு.

ஜனாஸா விடயத்தில் இது இன்னும் கசப்பானது. கிளாஸ்கோவில் இருக்கும் சகோதரன் அதிகாலையில் செய்தி கேட்டுப் புறப்பட்டால் இலண்டனில் அஸருக்குப் பின் நடைபெறும் அடக்கத்துக்கு வந்து சேரலாம். கலிபோர்னியாவில் இருப்பவர் அதே அதிகாலையில் செய்தி கேட்டாலும், நியூயோர்க்கில் அப்பொழுது காலை பிந்திவிட்டிருக்கும். விமானம் கிடைத்து, ஐந்து ஆறு மணித்தியாலம் பறந்து இறங்கும்போது அங்கே இரவாகிவிடும். “சொந்த ராத்தாவின் மையித்துக்கும் வரவில்லை” என்ற சொல் அவரைக் காலமெல்லாம் வாட்டும். தூரம் செய்த குற்றத்தை மனிதன் மேல் சுமத்துவது நீதியாகுமா?

ஆகவே, யாராவது “அமெரிக்காவில் இருக்கிறார்” என்று சொன்னால் அத்துடன் நிறுத்திக் கொள்ளாதீர்கள். எந்த மாநிலம், எந்த நகரம் என்று கேளுங்கள். அங்கிருந்து மற்ற உறவினர் வீட்டுக்கு எத்தனை மணித்தியாலப் பயணம் என்று கேளுங்கள். பக்கத்தில் பள்ளிவாசலும், பழகக்கூடிய குடும்பங்களும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனிச் சட்டங்களும் பாடசாலை நிர்வாகமும் உள்ளபடியால், ஒரு மாநிலத்தில் இருப்பவர் சொன்ன நடைமுறை மற்ற மாநிலத்துக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடாதீர்கள்.

வீட்டில் ஒரு பூகோள உருண்டை இருந்தால் பிள்ளைகளுடன் அமர்ந்து, ஒரு நூலை எடுத்து இரண்டு ஊர்களுக்கும் இடையே வைத்துப் பாருங்கள். தட்டையான தாள் பொய் சொல்லும். உருண்டையில் வைத்த நூல் பொய் சொல்லாது. அதே நூலை அப்படியே எடுத்து இலண்டனில் ஒரு முனையை வைத்துக் கிழக்கே நீட்டுங்கள். அது எத்தனை நாடுகளைக் கடந்து செல்கின்றது என்பதைப் பிள்ளைகளே எண்ணிச் சொல்லட்டும். அவ்வளவு தூரத்தில் இருந்து கொண்டும் வாரம் ஒரு முறை தொலைபேசியில் ஸலாம் சொல்லும் சகோதரன், உறவை மறந்தவன் அல்லன் என்பது அப்பொழுது விளங்கும்.